அம்மாவின் மூளை ஸ்கேனில் ஏதோ இருக்கிறதாம்: கேள்வி பதில்

பினாங்கில் ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. வயதானவர்களின் மூளை ஸ்கேனில் எதிர்பாராமல் ஏதாவது தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

டாக்டர், அம்மாவுக்கு 72 வயது. தலைசுற்றலுக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தோம். வெள்ளைப் புள்ளிகள், ஃபசேக்காஸ் 2 என்று வந்திருக்கிறது. மறதி நோய் வரப்போகிறதா? (செந்தூல்)

அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம், அம்மா. மூளைக்குள் ஓடும் மிகச் சிறிய இரத்தக்குழாய்கள் காலப்போக்கில் பழுதுபடும்போது இந்தப் புள்ளிகள் விழுகின்றன. அறுபது வயதைத் தாண்டிய பெரும்பாலானவர்களிடம் கொஞ்சமாவது இருக்கும். ஃபசேக்காஸ் அளவுகோல் 0 முதல் 3 வரை போகும். 1 என்றால் ஆங்காங்கே சில புள்ளிகள், 2 என்றால் அவை ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிட்டன, 3 என்றால் பெரிய திட்டுகள்.

2 என்பதை அலட்சியமாக விடக்கூடாது. பக்கவாதம், மறதி இரண்டுக்கும் வாய்ப்பைக் கூட்டுகிற அடையாளம் அது. ஆனால் உங்கள் அம்மாவுக்கு வந்தே தீரும் என்று அது சொல்லவில்லை. நம் கையில் இருப்பது இரத்த அழுத்தம். மேல் அளவை 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு, 140க்குக் கீழே வைத்தவர்களைவிடப் புள்ளிகள் மெதுவாகவே கூடின என்று 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதற்காக நீங்களாக மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள். அம்மாவுக்குத் தலை சுற்றுகிறதே! உட்கார்ந்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் என அழுத்தத்தை அளந்து பாருங்கள். நின்றதும் சட்டென்று இறங்கினால் தலைசுற்றலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஒரு வாரம் காலையும் மாலையும் குறித்து, அந்தத் தாளைக் கிளினிக்கிற்குக் கொண்டு போங்கள்.

அத்தைக்கு 2 செ.மீ. மெனிஞ்சியோமா. கட்டி என்றதும் வீடே கலங்கிப்போய் இருக்கிறது. (ஆயர் ஈத்தாம்)

கலக்கம் எனக்குப் புரிகிறது. இது மூளையிலிருந்து வளர்வதல்ல, மூளையைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வளர்வது. பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் 2,000 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் 0.9 விழுக்காட்டினரிடம் இந்தக் கட்டி தற்செயலாகத் தெரிந்தது. கட்டிக்குள் சுண்ணாம்பு படிந்திருந்தால் வளர்வது குறைவு. தொந்தரவு எதுவும் இல்லையென்றால், வழக்கமாக சில மாதங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வலிப்பு, பார்வைக் குறைவு, கை கால் பலவீனம் வந்தால் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று: ஸ்கேன் சிடியைப் பத்திரமாக வையுங்கள். பழைய படம் இல்லாமல், கட்டி வளர்ந்ததா என்று எங்களால் சொல்ல முடியாது.

அப்பாவுக்கு மூளை இரத்தக்குழாயில் 3 மி.மீ. வீக்கம். எந்நேரமும் வெடிக்குமா? (பட்டர்வொர்த்)

இவ்வளவு சிறியது வெடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தாலும் எந்த இடத்தில் இருக்கிறது, குடும்பத்தில் யாருக்காவது வெடித்திருக்கிறதா என்பதை நரம்பியல் நிபுணர் பார்க்க வேண்டும். அப்பா சிகரெட் பிடிப்பவர் என்றால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வாழ்நாளில் அனுபவிக்காத தலைவலி திடீரென்று வந்தால் உடனே 999.

கோலாலம்பூரில் செக்-அப் பேக்கேஜில் மூளை எம்.ஆர்.ஐ.யும் தருகிறார்கள். பெற்றோருக்கு எடுத்துவிடலாமா?

எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் நல்ல பிபி மிஷின் ஒன்று வாங்குங்கள், சர்க்கரை, கொழுப்பு பாருங்கள். வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம் என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் இழந்த பெரியவர்களை நிறையப் பார்க்கிறேன்.

தாத்தா போன மாதம் குளியலறையில் விழுந்தார். அன்றைய சிடி ஸ்கேன் நார்மல். இப்போது எப்போதும் தூங்குகிறார், நடை தள்ளாடுகிறது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். வயசு காரணமா? (பிரிக்பீல்ட்ஸ்)

தம்பி, வயசு என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு நார்மலாக இருந்தாலும், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே இரத்தம் சில வாரங்களில் மெல்ல மெல்லத் தேங்கலாம். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அந்த ஆபத்து அதிகம். நேரத்தில் கண்டுபிடித்தால் வடித்துவிடலாம், பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். இன்றே எமர்ஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விழுந்ததையும் வார்ஃபரினையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாத்திரைப் பையையும் கையோடு எடுத்துப் போங்கள்.