ஆய்வுக்கூடமும் அலுவலகமும் ஒரே கட்டடத்தில்: கேள்வி பதில்

கேள்வி: பயோடெக், மென்பொருள், சிறு உற்பத்தி என யார் வாடகைக்கு வந்தாலும் தாங்கும் கட்டடம் வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: தூண் இடைவெளியிலிருந்து. ஆய்வுக்கூடத்தின் அடிப்படை அகலம் 3.3 மீட்டர்: இரு பக்கமும் முக்கால் மீட்டர் மேசை, நடுவே ஒன்றரை மீட்டர் நடைவழி, மிச்சம் குழாய்க்கும் தடுப்புக்கும். அதை இரட்டித்து 6.6 மீட்டருக்கு ஒரு தூண் வையுங்கள். அலுவலகமும் அதில் உட்காரும். தளத்துக்குத் தளம் 4.5 மீட்டர் உயரம் வேண்டும். 3.6-ல் நிறுத்தினால் பிற்பாடு ஃப்யூம் ஹூட்டின் (வேதிப்புகையை உறிஞ்சி வெளியேற்றும், கண்ணாடி முகப்புள்ள பெட்டி) காற்றுக்குழாயான டக்ட் பீமில் போய் முட்டும். சுமையைச் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் என்று எடுங்கள். அலுவலகக் கணக்கில் போட்ட ஸ்லாபைப் பிறகு பலப்படுத்துவது பெரும் தலைவலி. எதை மறந்தாலும், குழாயும் டக்டும் தளம் தளமாக மேலேறும் செங்குத்து ஷாஃப்ட்டில் கால்வாசி இடத்தைக் காலியாக விட மறக்காதீர்கள்.

கேள்வி: நகரும் பார்டிஷன் போட்டாலே போதாதா?

பதில்: போதாது. சுவர் நகர்ந்துவிடும், தலைக்கு மேலே ஸ்பிரிங்க்ளர், டக்ட், விளக்கு எல்லாம் பழைய அறையின் கணக்கிலேயே நிற்கும். அவையும் 3.3 மீட்டர் வரிசையில் இருந்தால்தான் அந்தச் சுவருக்குப் பயன்.

கேள்வி: மின்செலவைக் குறைக்க சோலார் எவ்வளவு போடலாம்?

பதில்: சோலார் கடைசி. முதலில் காற்றைப் பாருங்கள். 1.2 மீட்டர் அகல ஹூட்டின் கண்ணாடி 45 செ.மீ. திறந்திருந்து, காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போனால், மணிக்கு சுமார் 970 கன மீட்டர் குளிரூட்டிய காற்று கூரைவழி வெளியேறுகிறது. ஒரே ஒரு ஹூட்டுக்கு! கண்ணாடியை இறக்கினால் காற்றோட்டமும் குறையும்படி வால்வும் மாறுவேக விசிறியும் வையுங்கள். காற்று மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தால், விசிறியின் மின்தேவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். வெளியேறும் காற்றின் குளிர்ச்சியை மீட்கச் சுழலும் சக்கரம் வேண்டாம். வேதிப்புகை கொஞ்சம் உள்ளே திரும்பும். வெளியேறும் காற்றிலும் உள்ளே வரும் காற்றிலும் குழாய்ச் சுருள் (காயில்) வைத்து நடுவே நீரைச் சுற்றவிடுவதுதான் பாதுகாப்பு.

கேள்வி: அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் கட்டடக்கலைஞர் லூயி கான் செய்ததுபோல, ஆய்வுக்கூடத்துக்கு மேலே குழாய், டக்ட் எல்லாம் ஓடும், ஆள் நடமாடும் சர்வீஸ் தளம் வைக்கலாமா?

பதில்: 1960-களில் எழுந்த அந்தக் கட்டடம் இன்றும் ஆய்வுக்கூடமாகவே ஓடுகிறது என்பது உண்மை. ஆனால் தளத்துக்குத் தளம் உயரம் ஏறும். முகப்பு, படிக்கட்டு, குழாய் எல்லாம் கூடவே நீளும்.

குறுக்கே ஏசி பொறியாளர்: பழுதுபார்க்க ஆய்வை நிறுத்த வேண்டியதில்லையே. அந்த லாபத்தை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

பதில்: ஆய்வு விலங்குகளை வைத்திருக்கும் கூடம் என்றால் கட்டாயம் சேர்ப்பேன். இங்கே பாதி வாடகைதாரர் கணினியோடு உட்காருபவர்கள். அவர்கள் தலைக்கு மேல் ஆளுயர வெற்றிடம் எதற்கு? இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கு நடுவே 2 மீட்டர் சர்வீஸ் காரிடார் போதும்.

ஏசி பொறியாளர்: அது வாடகைப் பரப்பைத் தின்னுமே?

பதில்: தின்னும், மறுக்கவில்லை. தேவைப்படும் தளத்தில் மட்டும் தின்னும். உங்கள் சர்வீஸ் தளமோ எல்லோரிடமும் செலவை வசூலிக்கும்.

ஏசி பொறியாளர்: எந்தத் தளத்துக்குத் தேவை என்று முதல் நாளே தெரிந்தால் நெகிழ்வு என்ற பேச்சே எதற்கு?

பதில்: நல்ல அடி. அதனால்தான் காரிடார் இடத்தின் இரு ஓரச் சுவர்களிலும் பாரம் ஏற்றாதீர்கள் என்கிறேன். வேண்டாதபோது இடித்து அலுவலகத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை மூன்றாம் தளத்தில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். தரைத்தளத்தில், மண்மேல் நேராகப் படியும் ஸ்லாபில், லிஃப்டின் அதிர்வு எட்டாதபடி தள்ளி.

கேள்வி: பிறகு வரும் டக்டுக்கு எங்கே இடம் விடுவது?

பதில்: முதல் பதிலின் கடைசி வரி.

கேள்வி: போஸ்ட் டென்ஷன் ஸ்லாபில் பிறகு துளை போடலாமா?

பதில்: ஸ்கேன் செய்யாமல் கூடாது, இழுத்துக் கட்டிய கம்பி அறுந்தால் ஸ்லாபே பலமிழக்கும். கால்வாசி ஷாஃப்ட் காலியாக இருந்தால் இந்தக் கேள்வியே வராது.

கேள்வி: கரைப்பான்களை எந்தத் தளத்தில் எவ்வளவு வைக்கலாம்?

பதில்: உங்கள் ஊர்த் தீயணைப்புத் துறையிடம் கேளுங்கள். மேலே போகப் போக அனுமதி அளவு குறைவது பல விதிகளில் உண்டு. வேதியியலைக் கீழ்த்தளங்களில் போடுங்கள்.