கார்டு ஏன் வளையுது, ஜிகினா ஏன் கொட்டுது: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

இந்த தடவ வந்த கேள்விங்கள ஒண்ணா வெச்சு பாத்தா பாதிக்கு மேல ஒரே இடத்துலதான் வந்து நிக்குது, பசைல இருக்கற தண்ணி. அதனால முதல் கேள்விக்கு மட்டும் நீளமா எழுதறேன், அது புரிஞ்சிட்டா மத்ததுல பாதி உங்களுக்கே தெரிஞ்சிடும்.

அக்கா, சார்ட் அட்டைல கார்டு மடிச்சு மேல கலர் பேப்பர் ஒட்டறேன். ஒட்டும்போது நல்லா இருக்கு, காலைல எழுந்து பாத்தா பொரிச்ச அப்பளம் மாதிரி வளைஞ்சு கிடக்கு. ஃபெவிகால் பழசாயிடுச்சா?

ஃபெவிகால் மேல தப்பு இல்லம்மா. பேப்பர்ங்கறது முழுக்க நாருதான், அந்த நாரு தண்ணி குடிச்சா நீளவாக்குல பெருசா நீளாது, குறுக்குவாக்குல உப்பும். நீங்க பசை தடவினதும் கலர் பேப்பர் உப்பிடுது, உப்பின நிலைலயே அத அட்டைல ஒட்டிடறீங்க, அப்புறம் ராத்திரி பூரா காஞ்சு சுருங்கும்போது அட்டையையும் சேத்து இழுக்குது. அட்டைக்கு அவ்வளவு தண்ணி போகாததால அது சுருங்கல, அதான் வளைவு.

வெள்ளை ஃபெவிகால்ல நல்ல பங்கு தண்ணிதான், அந்த தண்ணி போனாதான் அது கண்ணாடி மாதிரி ஆகி பிடிக்கும். அதனால பாட்டில்லேர்ந்து நேரா பேப்பர்ல கோடு போடாதீங்க, ஒரு மூடில கொஞ்சமா ஊத்தி, பழைய கல்யாணப் பத்திரிகைய விரல் அகலத்துக்கு வெட்டி அதால வழிச்சு வழிச்சு தடவுங்க, பேப்பரோட நிறம் லேசா தெரியற அளவுக்கு மெல்லிசா. ஒட்டினதும் மேலயும் கீழயும் வெள்ளைத்தாள் வெச்சு (நியூஸ் பேப்பர் வேணாம், மை ஒட்டும்) கனமான புத்தகம் நாலு அடுக்கி ராத்திரி பூரா விட்டுடுங்க. ஒரு மணி நேரத்துலயே ஆசைப்பட்டு எடுத்து பாக்கறதாலதான் பாதி கார்டு கெடுது.

ஏற்கனவே வளைஞ்சதையும் தூக்கி போட வேணாம், உள்பக்கம் அதே மாதிரி ஒரு பேப்பர ஒட்டுங்க, அது அந்தப் பக்கம் இழுத்து நேராக்கிடும். பைண்டிங் பண்றவங்க கெட்டி அட்டையோட உள்பக்கத்துலயும் தாள் ஒட்டறாங்களே, அழகுக்காக மட்டும் இல்ல, இதுக்காகவும்தான்.

இன்னொண்ணு, பேப்பருக்கு நார் ஓடற திசை உண்டு. சின்ன சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரவிரலால தடவுனா அது குழல் மாதிரி சுருளும், அந்த குழல் எந்த திசைல நீளமா நிக்குதோ அதான் நார் ஓடற திசை. கார்டு மடிப்பு அந்த திசைல வந்தா கத்தி வெச்ச மாதிரி மடியும், குறுக்கால மடிச்சா மடிப்பு பிசிறடிச்சு வெடிக்கும். கலர் பேப்பரையும் அட்டையோட நார் ஓடற பக்கமாவே வெச்சு ஒட்டிப் பாருங்க, கோணல்மாணலா முறுக்கிக்கறது குறையும்.

நாலாம் வகுப்பு டீச்சர் நான், 42 பசங்க. பொங்கல் வாழ்த்து அட்டை செய்ய வெக்கணும், ஆளுக்கொரு கோந்து பாட்டில் வாங்க முடியாது.

மைதா பசை காய்ச்சிடுங்க டீச்சர், செலவு ஒண்ணுமே இல்ல. அரை டம்ளர் மைதாவ முதல்ல பச்சத்தண்ணில கட்டி இல்லாம கரைச்சுக்கணும், கொதிக்கற தண்ணில நேரா போட்டா வெளிப்பக்கம் மட்டும் வெந்து உள்ள மாவாவே நிக்கும், அந்த கட்டிய அப்புறம் யாராலயும் கரைக்க முடியாது. மொத்தம் ரெண்டரை டம்ளர் தண்ணி. சின்ன தீல வெச்சு கைவிடாம கிண்டுங்க, பால் நிறம் போயி கஞ்சி மாதிரி பளபளன்னு ஆகி கரண்டில ஒட்டற பதம் வந்ததும் இறக்கிடலாம். ஆற ஆற இன்னும் கெட்டியாகும், அதனால கொஞ்சம் தளர்வா இருக்கும்போதே இறக்குங்க.

ஆளுக்கு ஒரு தண்ணி பாட்டில் மூடி அளவு கொடுங்க, அதுக்கு மேல வேணாம். நிறைய கொடுத்தா நிறைய தடவுவாங்க, இந்த பசைல தண்ணி ரொம்ப ஜாஸ்திங்கறதால அட்டை ஊறிடும்.

கடைல பைண்டிங்குக்கு காய்ச்சற பசைல பூச்சி அரிக்காம இருக்க மயில் துத்தம் போடுவாங்க, அத யாராவது உங்களுக்கு சொன்னா தயவு செஞ்சு கேக்காதீங்க, அது விஷம், நாலாம் வகுப்பு பசங்க விரல வாயில வெக்காம இருக்க மாட்டாங்க. அன்னன்னைக்கு காய்ச்சினா போதும், மிச்சம் இருந்தா ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மூணு நாள் வரும், புளிச்ச வாடை வந்தா கொட்டிடுங்க.

சோத்துப் பருக்கை வெச்சு ஒட்டறது நிக்குமா?

நிக்கும். நம்ம வீடுகள்ல கவர் ஒட்டினதே அதாலதானே. குழைஞ்ச சாதத்த கொஞ்சம் சுடுதண்ணி விட்டு மிக்சில அரைச்சு வடிகட்டுனா வழவழன்னு அருமையான பசை. ஜப்பான்ல பழைய ஓவியம், சுவடியெல்லாம் சரிபண்றவங்க இன்னைக்கும் கோதுமை ஸ்டார்ச் பசையதான் நம்பறாங்க, ஏன்னா பின்னால ஈரம் காட்டுனா பேப்பர் கிழியாம பிரிஞ்சு வரும். நம்ம அடுப்படி பசைய மட்டமா நெனைக்காதீங்க.

ஜிகினா தூவுனா பாதி கொட்டுது, வீடு பூரா மினுமினுப்பு.

பசை காயறதுக்குள்ள தூவி, லேசா விரலால அழுத்தி, முழுசா காஞ்ச அப்புறம்தான் தட்டணும், உடனே தட்டறதாலதான் கொட்டுது. ஆனா நான் ஜிகினாவ விட்டு ரொம்ப நாளாச்சு, அது பூரா பொடிப்பொடி பிளாஸ்டிக், தண்ணியோட போயி எங்கயும் மக்காம கிடக்கும். கலர் கோலப்பொடி போட்டு பாருங்க, மினுக்கு இருக்காது, ஆனா அந்த நிறம் வேற எதுலயும் வராது. அரிசிமாவு கலந்த பொடி வேணாம், எறும்பு வரும், கல்லுமாவுதான்.

பூ காய வெச்சு கார்டுல ஒட்டினேன், பத்து நாள்ல கறுத்துப் போச்சு.

பூவுல ஈரம் மிச்சம் இருந்திருக்கு. பழைய டெலிபோன் டைரக்டரி மாதிரி மொரமொரப்பான தாளுக்கு நடுவுல வெச்சு ரெண்டு மூணு வாரம் விடணும், முதல் வாரம் தாள மாத்திக்கிட்டே இருக்கணும். மல்லி எப்படி வெச்சாலும் பழுப்பாகும், அதுல மனச விடாதீங்க. புதுசா ஆரம்பிக்கறவங்க காகிதப்பூலேர்ந்து ஆரம்பிங்க, பேருக்கேத்த மாதிரி அதுல ஈரமே கம்மி, ஒரு வாரத்துல ரெடி. சாமந்திய முழுசா வெக்காம இதழ் இதழா பிரிச்சு காய வெங்க. ஒட்டும்போது பூவோட நடுவுல மட்டும் பல்குச்சி முனைல எடுத்த ஃபெவிகால் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

அக்கா, ஃபெவிக்விக் போட்டா சீக்கிரம் வேலை முடியுமே?

வேணாம் தம்பி. பேப்பர்ல உறிஞ்சி கறையாகும், சுத்தி வெள்ளையா பூத்துடும், காட்டன் துணில பட்டா சூடு கிளம்பி விரல சுடும். அவசரம்னா டபுள் சைடு டேப் போடு.

அப்பா அம்மாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு பழைய போட்டோ வெச்சு பெரிய கார்டு செய்றேன். போட்டோவ எதால ஒட்டறது?

எதாலயும் ஒட்டாதீங்க. அந்த போட்டோ இன்னொண்ணு கிடைக்காது. செலோடேப் போட்டா அதோட பசை சில வருஷத்துல மஞ்சளாகி போட்டோக்குள்ளயே இறங்கிடும், எங்க வீட்டு ஆல்பத்துல என் தாத்தா முகம் இப்படித்தான் போச்சு, இன்னைக்கு வரைக்கும் அத பாத்தா மனசு கஷ்டமா இருக்கு. அதுக்கு பதிலா பேப்பர்ல ஒரு இஞ்ச் அகல பட்டை வெட்டி, முக்கோணமா மடிச்சு, நாலு சின்ன பாக்கெட் செஞ்சு, பாக்கெட்ட மட்டும் கார்டுல ஒட்டிட்டு போட்டோவோட நாலு மூலையையும் அதுக்குள்ள சொருகிடுங்க. பழைய ஆல்பத்துல எல்லாம் அப்படித்தான் இருக்கும். நாளைக்கு கார்டு நைஞ்சு போனாலும் போட்டோவ அப்படியே உருவிக்கலாம்.

கவர் மூடிய நாக்கால நனைச்சு ஒட்டற மாதிரி வீட்டுலயே செய்ய முடியுமா?

முடியும். நாட்டு மருந்துக் கடைல கருவேலம் பிசின் வாங்கி பொடிச்சு, ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு சுடுதண்ணி ஊத்தி ராத்திரி ஊற வெச்சு துணில வடிகட்டுங்க, காஞ்சதும் வெடிக்காம இருக்க ஒரு சிட்டிகை சக்கரை. பிரஷ்ஷால மெல்லிசா ஒரு கோட்டிங் அடிச்சு காய வெச்சிட்டா அப்புறம் ஈரம் காட்டினா ஒட்டும். நாக்கு வேணாம், ஈரப்பஞ்சு போதும்.

பாட்டி முறத்துக்கு பேப்பர் அரைச்சு பூசுவாங்க, அதுல என்ன போடுவாங்க? அதே மாதிரி சின்ன கிண்ணம் செஞ்சு கார்டோட கிஃப்ட்டா கொடுக்க ஆசை.

இந்த கேள்விக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன்னு சொல்ல முடியாது. அது வெந்தயம். நியூஸ் பேப்பர கிழிச்சு ரெண்டு நாள் ஊற வெச்சு, தண்ணிய நல்லா பிழிஞ்சிட்டு, தனியா ஊற வெச்ச வெந்தயத்தோட சேத்து அரைப்பாங்க. வெந்தயத்துல இருக்கற அந்த வழவழப்புதான் பசை, கசப்புக்கு பூச்சியும் சீக்கிரம் கிட்ட வராது. ரெண்டு கை நிறைய பிழிஞ்ச கூழுக்கு ரெண்டு ஸ்பூன் வெந்தயம் போதும்.

ஒரு எவர்சில்வர் கிண்ணத்த கவுத்து, மேல பிளாஸ்டிக் கவர் சுத்தி, கூழ அரை விரக்கடை கனத்துக்கு தட்டிட்டே வாங்க, ஓரத்துல மெல்லிசாயிடாம பாத்துக்கோங்க, அங்கதான் முதல்ல விரிசல் விடும். முதல் நாள் நிழல்ல, அப்புறம் வெயில்ல. நேரா வெயில்ல வெச்சா மேல்தோல் மட்டும் காஞ்சு இழுத்து பிளந்துடும், முதல் கேள்விக்கு சொன்ன அதே கதைதான். ஐப்பசி கார்த்திகை மழைல ஆரம்பிக்காதீங்க, காயறதுக்குள்ள பூசணம் பிடிச்சிடும், தை பொறந்ததும் செய்யுங்க. கிண்ணம் தானா கழண்டு வரும்போது உள்பக்கத்தையும் ஒரு நாள் வெயில் காட்டிட்டு அப்புறமா கலர் அடிங்க.