தடங்கல் என்றால் என்ன? கேள்வி பதில்

கொழும்பில் முப்பது வருடங்களாக ஒலிச்சாதனங்கள் திருத்துகிறேன். இம்பீடன்ஸ், அதாவது நாம் ‘தடங்கல்’ என்று படித்ததைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்:

கொட்டாஞ்சேனை வாசகர்: புறக்கோட்டையில் 8 ஓம் ஒலிபெருக்கி வாங்கினேன். மல்டிமீட்டர் 6.2 காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. மீட்டர் அனுப்புவது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம் (DC). அது உள்ளேயிருக்கும் செப்புக் கம்பிச் சுருளின் தடையை மட்டும் அளக்கிறது. பாட்டு திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டமாக (AC) வருகிறது. ஓட்டம் மாறும்போதெல்லாம் சுருள் எதிர்த்துத் தள்ளும். கூம்பின் அசைவும் சேர்ந்துகொள்ளும். அத்தனையும் சேர்ந்ததே தடங்கல். மீடிறன், அதாவது ஓட்டம் ஒரு செக்கனில் எத்தனை முறை ஆடுகிறது என்பது, மாறினால் அதுவும் மாறும். 8 என்பது பெயரளவு மட்டுமே. நல்ல 8 ஓம் ஒலிபெருக்கி மீட்டரில் ஆறு அளவில்தான் காட்டும்.

தெஹிவளை வாசகர்: கோயில் திருவிழாவுக்கு நான்கு 8 ஓம் ஒலிபெருக்கிகளைச் சமாந்தரமாக இணைத்தோம். அம்ப்ளிபயர் கொதிக்கிறது.

2 ஓம் ஆகிவிட்டதால் ஓட்டம் அளவுக்கு மீறிப் போகிறது. உடனே கழற்றுங்கள். இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரு சோடிகளையும் சமாந்தரமாக்கினால் மறுபடி 8 ஓம். எதை இணைப்பதற்கு முன்பும் அம்ப்ளிபயரின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் ஓம் அளவைப் பாருங்கள்.

வெள்ளவத்தை ஆசிரியை: ‘தடை’ என்ற சொல் போதாதா? கம்பியே இல்லாத ஒலிக்கும் காதுக்கும் தடங்கல் எப்படி வந்தது?

போதாது, ரீச்சர். தடை சக்தியை வெப்பமாக்கிவிடும். சுருளும் கொள்ளளவியும் (கப்பாசிட்டர்) சக்தியை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கும். அதனால்தான் ஆங்கிலேய மின்னியலாளர் ஒலிவர் ஹெவிசைட் 1886இல் தனிச்சொல் படைத்தார்.

ஒலிக்கும் இதே கதைதான். இவ்வளவு அழுத்தம் கொடுத்தால் எவ்வளவு அசையும் என்பதே கேள்வி. கரையோர ரயில் போகும்போது கடலில் தலையை முக்கினால் அந்த இரைச்சல் சட்டென்று அறுந்துபோகும். நீரின் தடங்கல் காற்றினதைப் போல ஏறத்தாழ 3,600 மடங்கு. ஒலிச்சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும். மீதி மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். உட்காதிலும் திரவமே இருக்கிறது. அதனால்தான் நடுக்காதின் மூன்று குட்டி எலும்புகள், செவிப்பறையில் விழும் விசையை அதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு அளவான உட்காதின் வாசலில், அதாவது சாளரத்தில், குவித்து அழுத்தத்தை உயர்த்துகின்றன. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கும்போது பூசும் குளிர்ந்த பசையும் இடையிலுள்ள காற்றை அகற்றத்தான்.

கல்கிசை வாசகர்: தவறு. காதில் நீர் அடைத்ததால்தான் ரயில் கேட்கவில்லை.

அப்படியானால் நீருக்கடியில் இரண்டு கற்களைத் தட்டிப் பாருங்கள். அடைத்த அதே காதுக்குக் கணீரென்று கேட்கும். நீரில் பிறந்த ஒலிக்கு எல்லை தாண்டும் வேலை இல்லை. நீர் ஒலிக்குப் பகையில்லை. காற்றும் நீரும் பொருந்தாததுதான் காரணம்.

பம்பலப்பிட்டி வாசகி: ஜிம்மில் உடற்கொழுப்பை அளக்கும் தராசை நம்பலாமா?

சிறு ஆடலோட்டத்தைக் காலில் செலுத்தி உடலின் தடங்கலை அளக்கிறார்கள். நீர் நிறைந்த தசையில் எளிதாக ஓடும், கொழுப்பில் அவ்வளவு ஓடாது. குடித்த தண்ணீரே கணக்கை மாற்றும். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் அதில் ஏறவே கூடாது.

மருதானை வாசகர்: வீட்டுச் சுவரில் ஷொக் அடிக்கிறது.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தகுதியுள்ள மின் வேலையாளை இன்றே கூப்பிடுங்கள்.

வத்தளை வாசகர்: என் 8 ஓம் ஒலிபெருக்கி மீட்டரில் 6 காட்டுகிறதே?

முதல் பதிலைப் படியுங்கள். ஒலிபெருக்கி நன்றாக இருக்கிறது.