கொச்சி துறைமுகம்: முதலில் சைக்கிளா, படகா?

கேள்வி: டிசம்பரில் கொச்சி போகிறோம். அப்பாவுக்கு 64 வயது, மகனுக்கு 11. ஒரே காலையில் சைக்கிளும் ஓட்ட வேண்டும், துறைமுகத்தைப் படகிலும் பார்க்க வேண்டும். எது முதலில்? தனியார் படகு பேசிக்கொள்ள வேண்டுமா?

பதில்: சைக்கிள்தான் முதலில். வெயில் ஏறிய பிறகு படகில் உட்காரலாம், பெடல் மிதிக்க முடியாது. ஆறரைக்கே கிளம்புங்கள். வாடகை சைக்கிளை முந்தைய மாலையே எடுத்து வைத்துவிடுங்கள். சீட்டில் உட்கார்ந்து பெடலைக் கீழே மிதித்தால் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். உப்புக்காற்று ஊர், கேபிள் துருவேறி, பிடித்த பிரேக் விடாமல் நிற்கும்.

ஃபோர்ட் கொச்சியில் ஏற்றமே கிடையாது, அப்பா தாராளமாக ஓட்டலாம். கரையோரச் சீன மீன்பிடி வலைகளில் தொடங்கி, 1524-ல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த புனித ஃபிரான்சிஸ் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, கல்வத்தி வழியாக மட்டாஞ்சேரி பஜார் ரோடு. குறுகலான தெரு அது. மசாலா கிடங்குகள் திறந்து லாரிகள் நின்றுவிட்டால் உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும். எட்டரைக்குள் திரும்பிவிடுங்கள்.

அடுத்து, சைக்கிளோடு எதிர்க்கரை வைப்பின் தீவுக்குப் போகும் ரோ-ரோவில் (வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகு) ஏறுங்கள். ஐந்து நிமிடப் பயணம்தான். ஏறும் இரும்புத் தளம் ஈரமாக இருக்கும், மகனை இறங்கித் தள்ளச் சொல்லுங்கள். கப்பல்கள் உள்ளே வரும் முகத்துவாரமும் இதுவே. கப்பல் வந்தால் ரோ-ரோ காத்திருக்கும். அலுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு கன்டெய்னர் கப்பலை இவ்வளவு கிட்டத்தில் காசு கொடுத்தாலும் பார்க்க முடியாது. டால்பின்களும் இங்கேதான் மீனை விரட்டி வரும்.

திரும்பி வந்து சைக்கிளை ஒப்படைத்துவிட்டு எர்ணாகுளம் போகும் அரசுப் படகைப் பிடியுங்கள். சுமார் இருபது நிமிடத்தில் துறைமுகத்தின் குறுக்கே போய்விடுவீர்கள். இடப்பக்கம் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் கிரேன்கள். வலப்பக்கம் வில்லிங்டன் தீவு. துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி பிரிட்டிஷ் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ உருவாக்கியது. கடற்படை இடங்களைப் படம் எடுக்காதீர்கள். அப்பாவுக்கு ஏசி வேண்டுமென்றால் வாட்டர் மெட்ரோ இருக்கிறது. முகத்தில் காற்றடிக்காத படகு எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

ஆகவே தனியார் படகு தேவையில்லை. அப்படியும் பேசினால், மகன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர் அளவு ஜாக்கெட் தண்ணீரில் அவன் தலைவழியே கழன்று வந்துவிடும். இல்லையென்றால் ஏறாதீர்கள்.