கட்டிலுக்கு அடியில் ஒரு நாய்

அன்புள்ள ஐயா,

விலங்குக் காப்பகத்திலிருந்து 4 வயதுப் பெண் நாய் ஒன்றைத் தத்தெடுத்து 11 நாள் ஆகிறது. வந்த அன்று கட்டிலுக்கு அடியில் போனதுதான். நாங்கள் எல்லாரும் தூங்கிய பிறகு மட்டும் வெளியே வந்து சாப்பிடுகிறது. நேற்று என் 8 வயது மகன் தடவக் கையை நீட்டினான், உறுமியது. மனைவி பயந்துவிட்டார், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார். நாய் நன்றியுள்ள பிராணி என்று படித்து வளர்ந்தவன் நான். கூண்டிலிருந்து மீட்டு வந்த எங்களைப் பார்த்து அது ஏன் நடுங்க வேண்டும்? தவறு செய்துவிட்டோமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

தவறு எதுவும் செய்யவில்லை. 11 நாளில் முடிவெடுக்கப் பார்க்கிறீர்கள், அது ஒன்றுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

மீட்டு வந்தோம் என்பது நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. பழகிய கூண்டு, பழகிய வாடை, நேரத்துக்குச் சாப்பாடு வைத்த ஆள் எல்லாம் ஒரே நாளில் போய், முன்பின் தெரியாத மூன்று பேர் இருக்கும் வீட்டில் வந்து விழுந்திருக்கிறது. அதனிடம் இப்போது நன்றியை எதிர்பார்க்காதீர்கள். பிறகும்கூட வேண்டாம் என்பேன். கூட்டிவந்தது நம் விருப்பம். காப்பகங்களில் ‘3 நாள், 3 வாரம், 3 மாதம்’ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பயம் கொஞ்சம் தணிய 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், இது என் வீடு என்று ஆக 3 மாதம். தோராயக் கணக்குதான், அடிபட்டு வந்த நாய்க்கு இன்னும் கூடவே ஆகலாம்.

எங்கள் நாய் செவலை வந்தபோது அவளுக்கு 5 வயது இருக்கும். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் போய்ச் சுருண்டுகொண்டாள். குரல் பழகட்டும் என்று, தினமும் அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து செய்தித்தாளை வாய்விட்டுப் படித்தேன். கூப்பிடவில்லை, இழுக்கவில்லை, குனிந்து கண்ணைப் பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் வெளியே வந்து படுக்க ஆரம்பித்தாள். ஆனால் தலை தரையில் படாது. கதவு அசைந்தால் ஒரு காது திரும்பும், செருப்புச் சத்தம் கேட்டால் இன்னொரு காது. ஏழாவது வாரம் ஒரு மதியம் கூடத்திலிருந்து குறட்டைச் சத்தம். யாரும் தூங்கவில்லையே என்று போய்ப் பார்த்தால், நாலு காலையும் ஒரு பக்கமாக நீட்டி, வாய் லேசாகத் திறந்து, முன்னங்கால் துடிக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தனை வாரமும் அவள் ஒரு நாள்கூட முழுசாகத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சரி, உறுமல். அதற்காக நாயைத் தயவுசெய்து திட்டாதீர்கள். கிட்டே வராதே, பயமாக இருக்கிறது என்று அது வாய்விட்டுச் சொல்கிறது. திட்டி அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அடுத்த முறை உறுமாமலே கடிக்கலாம். உறுமுவதற்கு முன்பே வேறு விதங்களில் சொல்லியிருக்கும்: உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், உடம்பு விறைக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கும். அப்போது கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும். வால் ஆடுவதை மட்டும் வைத்து நம்பிவிட வேண்டாம், பதற்றத்திலும் ஆட்டும். இதையெல்லாம் மகனுக்குக் காட்டிக்கொடுங்கள். கட்டிலுக்கு அடியில் கை விடக் கூடாது, தின்னும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது. இருவரையும் தனியாக விட்டுவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குக்கூடப் போக வேண்டாம். உங்கள் மனைவியின் பயம் நியாயமானது.

கால்நடை மருத்துவரிடம் இன்னும் காட்டவில்லை என்றால் இந்த வாரமே காட்டுங்கள். காதில் புண், பல்வலி, மூட்டுவலி இருந்தாலும் நாய் தொட விடாது. ரேபீஸ் தடுப்பூசி எப்போது போட்டார்கள், கருத்தடை ஆகிவிட்டதா என்று காப்பகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கருத்தடை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். நாய்க்குக் கர்ப்பகாலம் சுமார் 63 நாள்தான். பிறக்கிற குட்டிகள் எல்லாவற்றுக்கும் நம்மால் வீடு தேட முடியாது. மிஞ்சியவை திரும்பவும் ஒரு கூண்டுக்குத்தான் போகும். சாப்பாடு, காப்பகத்தில் கொடுத்ததையே கொஞ்ச நாள் கொடுத்து, அப்புறம் மெதுவாக மாற்றுங்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகவே ஆகாது.

இன்னொன்று, என் தவறிலிருந்து சொல்கிறேன். செவலை வந்த ஐந்தாம் நாள் கதவைச் சரியாகச் சாத்தாமல் குப்பை கொட்டப் போனேன். ஓடிவிட்டாள். அவள் தோலுக்கு அடியில் அரிசி அளவு மைக்ரோசிப் இருந்தது. ஆனால் அதில் இருப்பது வெறும் எண். நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. யாராவது பிடித்து, ஸ்கேன் செய்து, அந்த எண்ணுக்கு எதிரே பதிவாகியிருக்கும் ஆளை அழைக்க வேண்டும். பதிவை என் பெயருக்கு மாற்றச் சொல்லியிருந்தார்கள், நான் தள்ளிப்போட்டிருந்தேன். தகவல் காப்பகத்துக்குப் போய், அங்கிருந்து எனக்கு வந்து, இரவு 11 மணிக்குத்தான் கிடைத்தாள். பாதம் கிழிந்திருந்தது. உங்கள் நாய்க்குச் சிப் இருந்தால் பதிவை இன்றே மாற்றுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் பொறித்த வில்லை தொங்கட்டும். பயந்த நாய் பின்வாங்கி இழுத்தால் பட்டை தலைவழியே கழன்றுவிடும், அதனால் வெளியே கூட்டிப்போகும்போது மார்பையும் சுற்றிக் கட்டும் வாரான ஹார்னஸும் போடுங்கள்.

திருப்பிக் கொடுப்பது பற்றி. நாயின் குணம் தெரிந்த பயிற்சியாளர் ஒருவரைக் கேளுங்கள். அடித்தும் கழுத்தை இறுக்கியும் பழக்குகிறவர் வேண்டாம். மகனைக் கடித்துவிட்டால் 3 மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முயன்று பார்த்தும் ஆபத்து என்று பட்டால், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டு, நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெருவில் இறக்கிவிட்டுப் போகிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

வைத்துக்கொள்வதென்றால் இன்னும் எட்டு, பத்து வருஷம். மகன் பள்ளியை முடிக்கும்போது அது கிழடாகிப் படியேற முடியாமல் நிற்கும். ஊருக்குப் போனால் யார் பார்ப்பது, வீடு மாறினால் என்ன செய்வது என்று மூன்று பேரும் உட்கார்ந்து இப்போதே பேசிவிடுங்கள்.

இன்றிரவு கட்டிலிலிருந்து கொஞ்சம் தள்ளித் தரையில் உட்காருங்கள், முதுகைக் காட்டி. மகன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படிக்கட்டும். 3 மாதம் கழித்து எழுதுங்கள். குறட்டை விட்டதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்