பூகம்பத்த கம்ப்யூட்டர்ல வரவெச்சு பாத்தாங்களாமே?

கேள்வி: என் பையன் லாஸ் ஏஞ்சல்ஸ்ல வேலை பாக்குறான். பழைய அபார்ட்மென்ட், கீழ பூரா கார் பார்க்கிங், மேல ரெண்டு மாடி. அங்க பெரிய பூகம்பம் வரும்னு கம்ப்யூட்டர்லயே போட்டு பாத்துட்டாங்கன்னு சொல்றாங்களே, எந்த வருஷம்னு தெரியுமா? வீட்ட மாத்த சொல்லட்டுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தேதி யாரும் சொல்லலம்மா, சொல்லவும் முடியாது, அப்படி வாட்ஸ்அப்ல எது வந்தாலும் நம்பாதீங்க. விஞ்ஞானிங்க கம்ப்யூட்டர்ல போட்டு பாத்தது, வந்தா எந்த ஏரியா எவ்ளோ ஆடும்ங்கறத. சான் ஆண்ட்ரியாஸ்னு அங்க நிலத்துல ஒரு பெரிய பிளவு போகுது, அதோட தெற்கு முனை 300 வருஷத்துக்கு மேல பெருசா அசையவே இல்ல, அழுத்தம் மட்டும் ஏறிட்டே இருக்கு.

2004ல டெராஷேக்னு ஒண்ணு பண்ணாங்க. தெற்கு கலிஃபோர்னியாவ 600 கிலோமீட்டர் நீளம், 300 அகலம், 80 ஆழத்துக்கு அப்படியே சூப்பர் கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு வந்து, 200 மீட்டர் கட்டமா, மொத்தம் 180 கோடி கட்டமா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் கெட்டிப் பாறையா, வண்டல் மண்ணான்னு குடுத்து, 7.7 அளவுக்கு அந்த பிளவ ஒடைய விட்டாங்க. வடக்குலேர்ந்து தெற்கா ஒடைஞ்சா லாஸ் ஏஞ்சல்ஸ் ஓரளவு தப்பிக்குது. அதே பிளவு தெற்குலேர்ந்து வடக்கா ஒடைஞ்சா, அலை மலையடிவாரத்து வண்டல் பள்ளங்க வழியா திரும்பி நேரா சிட்டிக்குள்ள வந்து இறங்குது! அந்த ஊரே பாறைக் கிண்ணத்துல பல கிலோமீட்டர் ஆழத்துக்கு மண்ண ரொப்பின மாதிரி இடம், உள்ள வந்த அலை ஓரத்துல முட்டி முட்டி திரும்புது, லேசுல அடங்காது. இத பூகம்பம் வந்தப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

2008ல ஷேக்அவுட்னு 7.8க்கு போட்டு, கட்டடம், தண்ணி பைப், ரோடு, தீ எல்லாத்தையும் சேத்து கணக்கு பாத்தாங்க, சுமார் 1,800 உயிர், 20,000 கோடி டாலர் நஷ்டம்னு வந்துச்சு. அந்த நம்பர வெச்சு பயமுறுத்தாம வேலைல இறங்கினாங்க பாருங்க, எனக்கு அதான் பெரிய விஷயமா படுது.

இப்ப உங்க பையன் வீடு. கீழ பார்க்கிங்னா சுவரு கம்மி, வெறும் தூணு, ஆடும்போது மொத்த பாரமும் அங்கதான் மடங்கும். 1994 நார்த்ரிட்ஜ் பூகம்பத்துல இதே மாதிரி ஒரே ஒரு அபார்ட்மென்ட்ல 16 பேர் செத்தாங்க. அதனால 2015ல சிட்டி ஒரு சட்டம் போட்டுச்சு, 1978க்கு முன்னாடி மரச்சட்டத்துல கட்டின இந்த மாதிரி அபார்ட்மென்ட்டுகள ஓனருங்க ஸ்டீல் ஃப்ரேம் மாதிரி ஏதாவது குடுத்து பலப்படுத்தியே ஆகணும்னு (மூணு வீடு வரைக்கும் உள்ள சின்ன கட்டடத்துக்கு விலக்கு உண்டு). கட்டடம் எந்த வருஷம், அந்த வேலை முடிஞ்சாச்சான்னு ஓனர்கிட்ட நேரா கேக்க சொல்லுங்க. முடிஞ்சிருந்தா தாராளமா இருக்கட்டும். முடியலன்னா, மழுப்பினாலும் சரி, மாத்திட சொல்லுங்கம்மா, வாடகை கொஞ்சம் கூட போனாலும் பரவால்ல.

தண்ணியும் ஸ்டாக் வெக்க சொல்லுங்க, ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்குல, முடிஞ்சா ரெண்டு வாரத்துக்கு. ஊருக்கு தண்ணி வர்ற பெரிய கால்வாய்ங்க அந்த பிளவ தாண்டித்தான் வருது.