நாடகத்தில் ‘பார்ட்’ என்றால் என்ன?

கேள்வி (கும்பகோணம், கல்லூரி மாணவி): ஐயா, ‘பகுதி’ என்று பொருள்படும் ‘பார்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் நடிகர் ஏற்கும் வேடத்தை எப்படிக் குறிக்கிறது?

பதில்: நாடகத்தில் ஒருவருக்கு உரிய பங்கு என்னும் பொருள் லத்தீனிலேயே உண்டு. ஆனால் முதலாம் எலிசபெத் அரசி காலத்து லண்டனில் ‘பார்ட்’ என்பது கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளாகவும் இருந்தது. முழு நாடகத்தையும் ஒவ்வொருவருக்கும் கையால் படியெடுப்பது பெரும் வேலை என்பதால், நடிகருக்கு அவர் பேச வேண்டிய வசனங்களை மட்டும் எழுதி, தாள்களை ஒட்டிச் சுருளாகக் கொடுத்தார்கள். ‘ரோல்’ என்ற சொல்லும் சுருளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததே. எட்வர்ட் ஆலின் என்ற நடிகர் 1590களின் தொடக்கத்தில் பயன்படுத்திய அத்தகைய சுருளொன்று, அவர் 1619இல் நிறுவிய டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. நம் பழைய நாடகக் கம்பெனிகளில் நடிகருக்கு அவர் வசனத்தைப் ‘பாடம்’ கொடுத்தார்கள் என்பார்களே, அதை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும்.

கேள்வி (திருவாரூர், ஆசிரியர்): தம் வசனம் மட்டுமே கையில் இருந்தால், எப்போது பேசுவது என்று எப்படித் தெரியும்?

பதில்: முன்னால் பேசுபவரின் கடைசி இரண்டு மூன்று சொற்களையும் அதில் எழுதியிருப்பார்கள், அவைதாம் ‘கியூ’. ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில், ஒத்திகைக்கு வந்த ஒரு தொழிலாளி கியூ சொற்களையும் தம் வசனத்தோடு சேர்த்து ஒரே மூச்சில் பேசிவிட்டுக் கண்டிக்கப்படுகிறார். சுருளைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த நகைச்சுவை முழுதாகப் பிடிபடும்.

கேள்வி (மன்னார்குடி): எங்கள் ஊர்த் திருவிழா நோட்டீஸில் வரும் ‘ராஜபார்ட்’, ‘ஸ்திரீபார்ட்’ ஆகியவற்றில் இருப்பதும் இதே சொல்தானா?

பதில்: ஆம், ஆனால் தமிழில் அது ஆளையே குறிக்கிறது. “ராஜபார்ட் வந்துவிட்டாரா?” என்று நாம் கேட்பதைப்போல ஆங்கிலத்தில் கேட்க முடியாது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகையே இல்லாமல் ‘வள்ளி திருமணம்’ நடத்திவிடுகிறார்கள். தம் பங்கையும் எதிராளி விட்டுக்கொடுக்கும் இடத்தையும் ஒவ்வொருவரும் மனத்தில் சுமந்து வருவதால்தான் அது இயல்கிறது. இவ்வளவு உழைப்பு ஏறிய சொல்லைக் கலப்பு என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி (பாபநாசம்): மெலட்டூர் பாகவத மேளாவில் ஆண்கள் பெண்ணாக நடிப்பதையும் ஸ்திரீபார்ட் எனலாமா?

பதில்: வேண்டாம். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடைபெறும் அந்தத் தெலுங்கு நாட்டிய நாடகங்களுக்கு ‘ஸ்திரீ வேஷம்’ என்பதே பொருந்தும். வேடம் என்னும் சொல் தோற்றத்திலிருந்து பிறந்தது; பார்ட், பங்கிலிருந்து பிறந்தது.

கேள்வி (மயிலாடுதுறை): ‘டேக் பார்ட்’ என்றாலும் நடிப்பது தானே?

பதில்: இல்லை, அது பங்கேற்பது. ‘பிளே தி பார்ட் ஆஃப்’ என்று வந்தால்தான் இன்னாராக நடித்தார் என்று பொருள். ஒருவர் நாடகத்தில் ‘டுக் பார்ட்’ என்று எழுதியிருந்தால், அவர் திரை இழுத்தவராகவும் இருக்கலாம்.